சூளைக்கு முன், சூளைக்குப் பின்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பக்கமாக ஏ9 வீதியில் 3 கிலோமீற்றர் அளவில் போனால் அலுவிகாரை வந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகள், அவற்றின் இடுக்குகளில் குகை விகாரைகள். இங்கே வருகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. பதப்படுத்திய தாளிப்பனை ஓலையை இடக்கையில் தாங்கி, எழுத்தாணியால் உங்கள் பெயரைக் கீறுவார்கள். கீறும்போது ஒன்றும் தெரியாது. கரியும் எண்ணெயும் குழைத்த மையைத் தடவி, மாவு தூவித் துடைத்ததும் கீறலுக்குள் மட்டும் மை தங்கி, பெயர் கறுப்பாக எழுந்து வரும்.

இந்த வித்தையை இங்கே காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்ற வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக மட்டுமே ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் ஏறியது இந்தக் குகைகளில்தான் என்பது மரபு. அநுராதபுரத்தை ஐந்து தமிழ்த் தலைவர்கள் அடுத்தடுத்து ஆண்டதும், நாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டியதும் அந்தக் காலத்தில்தான். மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் பசியில் மடிந்தால் நூலும் அவர்களோடு மடியும் என்ற அச்சமே எழுத வைத்தது.

ஆனால் அந்த முதல் ஏடுகளில் ஒரு கிழிசல்கூட இன்று இல்லை. பூச்சியும் ஈரமும் ஓலையைத் தின்னும். இங்கே சேர்ந்திருந்த சுவடிகள் 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படையால் அழிந்தன. திரிபிடகம் பிழைத்ததற்குக் காரணம், ஓலை நைந்துபோகுமுன் யாராவது ஒருவர் அதைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டே வந்தார் என்பதுதான். நூல் நின்றது, முதலில் எழுதிய கையின் தடம் போய்விட்டது.

அந்தக் காலத்துக் கையெழுத்தை, எழுதியவர் அழுத்திய அழுத்தத்தோடு பார்க்க வேண்டுமானால் ஓலையை விட்டுவிட்டு ஓட்டைப் பார்க்க வேண்டும். உடைந்த பானை ஓட்டை.

தீ செய்யும் வேலை

களிமண் காய்ந்தால் கெட்டியாகும். தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகும். சூளையில் வெப்பம் 500, 600 பாகை செல்சியசைத் தாண்டும்போது கதை மாறுகிறது. களிமண் படிகங்களுக்குள் வேதிப் பிணைப்பாகப் பூட்டிக்கிடக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது மண்ணாகத் திரும்பாது. பானை உடையும்; ஓடு அழியாது. தொல்லியலாளர் தோண்டும் எந்தக் குழியிலும் பானை ஓடே மிகுதியாகக் கிடைப்பது இதனால்தான்.

ஓட்டில் எழுத்து இருந்தால், அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல. சூளைக்கு முன் எழுதியதா, பின் எழுதியதா என்பதே. உருப்பெருக்கிக் கண்ணாடி இதற்குப் பதில் சொல்லிவிடும். ஈரமண்ணில் கீறினால் கோட்டின் இரு கரையிலும் மண் பிதுங்கி வரப்பு கட்டும். கோடு வழவழப்பாக ஓடும். சுட்ட பானையில் ஆணியால் கீறினால் கோடு மெல்லியதாக, ஓரம் பொரிந்து, மேற்பூச்சை உடைத்து உள்நிறத்தைக் காட்டும். வளைவுகள் வராது, நேர்க்கோடுகளாகத் திக்கித் திக்கிப் போகும்.

இந்தச் சிறு வேறுபாடு ஒரு சமூகத்தையே பிரித்துக் காட்டவல்லது. சூளைக்கு முன் எழுதப்பட்டதென்றால், பானை பிறக்கும்போதே பெயரோடு பிறந்திருக்கிறது: யாரோ சொல்லிச் செய்வித்தது, தொழில் தெரிந்தவர் எழுதியது. சூளைக்குப் பின் என்றால், பானை சந்தைக்கு வந்து, வாங்கியவர் வீட்டுக்குப் போய், அதன் பிறகு பெயர் பெற்றிருக்கலாம். முதல் வகையின் உச்சத்தைக் காண இங்கிருந்து பாதி உலகைச் சுற்றிப் போகவேண்டும்.

மாயா மன்னரின் கோப்பை

இன்றைய குவாத்தமாலா, பெலீஸ், தென்கிழக்கு மெக்சிகோ காடுகளில் கி.பி. 250 முதல் 900 வரை மாயா நகர அரசுகள் செழித்திருந்தன. அவர்களுக்கும் ஏடுகள் இருந்தன, மரப்பட்டைத் தாளில். காட்டு ஈரம் அவற்றில் பெரும்பகுதியைத் தின்றது. மிஞ்சியதில் பலவற்றை 1562இல் மானி என்ற ஊரில் தியேகோ தே லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் தீயிலிட்டார். உலகில் இன்று எஞ்சியவை நான்கே நான்கு. அலுவிகாரையின் கதைதான், படியெடுக்க ஆள் இல்லாமற் போனது மட்டும் வேறுபாடு.

அவர்கள் வாழ்க்கையை நமக்குக் காட்டுவதில் பெரும்பங்கு மட்கலங்களுடையது. உருளை வடிவக் குவளைகள், அகன்ற தட்டங்கள், கிண்ணங்கள். மாயாக் குயவருக்குச் சக்கரம் தெரியாது. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, கையால் இழைத்து, உருளையை ஏறத்தாழக் குழாய் போல நேராகக் கொண்டுவந்தார்கள். அதன்மேல் பூசியது கண்ணாடி மெருகு அல்ல. மண்ணையும் கனிமத்தையும் நீரில் கரைத்த குழம்பு. செம்மஞ்சளும் சிவப்பும் இரும்பு ஆக்சைடு தந்தவை. கறுப்புக்கு இரும்போடு மாங்கனீசு. எல்லாம் சுடுவதற்கு முன்பே தீட்டப்பட்டவை. சூளையில் நிறம் எப்படி மாறும் என்பதை மனதில் கணக்குப் போட்டபடியே வரையவேண்டும்.

வரைந்தது என்ன? அரசவைதான். மேடையில் சாய்ந்திருக்கும் மன்னர், எதிரே திறைமூட்டை, பின்னால் கண்ணாடி ஏந்தும் குள்ளர், பணிப்பெண்கள். நியூயார்க்கின் புகைப்படக்காரர் ஜஸ்டின் கெர் 1970களில் ஒரு கமெரா அமைத்தார். சுழலும் பீடத்தில் குவளையை வைத்தால், அது ஒரு சுற்றுச் சுற்றி முடிவதற்குள் உருளையின் முழு ஓவியமும் தட்டையான ஒரே படமாக விரியும். அதுவரை குவளையைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்த ஆய்வாளர்கள், முழுக் காட்சியையும் ஒரே பார்வையில் கண்டார்கள்.

குவளையின் வாயோரத்தில் ஒரு வரி எழுத்து ஓடும். 1973இல் மைக்கேல் கோ என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார்: பல குவளைகளில் ஒரே எழுத்துகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. கல்லறையில் வைத்த கலங்கள் ஆயிற்றே. இறந்தவர் பாதாள உலகுக்குப் போகும் வழிக்கு ஓதும் மந்திரமாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். 1980களில் டேவிட் ஸ்டூவர்ட், ஸ்டீபன் ஹூஸ்டன், கார்ல் டாபே முதலியோர் அசை அசையாக வாசித்தபோது மந்திரம் கலைந்தது. வரி சொன்னது இவ்வளவுதான்: இது இன்னாருடைய குடிகலம், கக்காவ் குடிப்பதற்கு.

கக்காவ் என்றால் கொக்கோ.

வேறொரு சொல்லும் அங்கே கிடைத்தது: த்சிப். எழுதுவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் மாயா மொழியில் அந்த ஒரே சொல்தான். இது தமிழர் காதுக்குப் புதிதல்ல. நாமும் கடிதம் எழுதுகிறோம். கண்ணுக்கு மை எழுதுகிறோம். சுவரில் ஓவியம் எழுதினார்கள் என்கிறோம். எழுத்தும் ஓவியமும் ஒரே தூரிகையிலிருந்து வந்த காலத்தின் நினைவு சொல்லுக்குள் தங்கியிருக்கிறது. அந்தத் தூரிகையைப் பிடித்தவர்களும் எளியவர்கள் அல்லர். ஆஹ் மஷாம் என்ற ஓவியர் தன் கலத்தில் ஒப்பமிட்டதோடு, தான் நாரஞ்சோ மன்னனின் மகன் என்றும் எழுதிவைத்தார். இளவரசர் ஒருவர் பானைக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்.

இப்படிப் பிறந்த கலம் அரசியல் செய்தது. மேற்கு பெலீசில் புவேனவிஸ்தா தெல் காயோ என்ற சிறிய நகரின் கல்லறை ஒன்றில் ஓர் அழகிய குவளை கிடைத்தது. அதில் இருந்த பெயர் அங்கே புதைந்தவருடையதல்ல. அண்டையிலிருந்த பெரிய நகர அரசான நாரஞ்சோவின் மன்னன் காஹ்க் திலிவ் சான் சாக்கின் பெயர். பெரிய மன்னர் சிறிய ஊர்த் தலைமைக்குக் கொடுத்த பரிசு என்றே கொள்கிறார்கள். நம் கலியாண வீடுகளில் சீராக வரும் எவர்சில்வர் அண்டாவில் கொடுத்தவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்குமே, அது போல. அண்டா எத்தனை வருடம் அடுப்படியில் இருந்தாலும் கொடுத்தவர் கடன் நினைவிலிருக்கும்.

பெயர் இல்லாத கலத்தின் ஊரையும் கண்டுபிடிக்கலாம். கலத்திலிருந்து சிறிது பொடியைத் துளைத்தெடுத்து அணு உலையில் நியூத்திரன்களால் தாக்கினால், அதிலுள்ள தனிமங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய காமாக் கதிரை வீசும். மிகச் சிறிய அளவில் கலந்துள்ள தனிமங்களின் விகிதம் ஒவ்வோர் ஆற்றுப்படுகைக்கும் வேறு. மண்ணின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். ரொனால்ட் பிஷப், டோரி ரீன்ட்ஸ்-புடே ஆகியோர் இப்படி ஏராளமான மாயாக் கலங்களைச் சோதித்து, எந்தப் பட்டறைப் பாணி எந்த மண்ணில் பிறந்தது என்று பிரித்துக் காட்டினார்கள். கல்லறைக் கொள்ளையரால் ஊர் பேர் இழந்து அருங்காட்சியகங்களுக்குப் போன கலங்கள் பலவற்றுக்கு இந்த வழியில் முகவரி கிடைத்தது.

ஆற்றிக் குடித்த பானம்

கக்காவ் என்று எழுதியிருந்தால் உள்ளே கொக்கோ இருந்தது என்று எப்படி நம்புவது? பிஸ்கட் டின்னில் ஊசி நூல் வைக்கும் வீடுகள் நமக்குத் தெரியாதவையா?

வடகிழக்குக் குவாத்தமாலாவின் ரியோ அசுல் என்ற இடத்தில், 1984இல் திறந்த கல்லறை ஒன்றில் விசித்திரமான கலம் ஒன்று இருந்தது. திருகி மூடும் மூடி. மேலே வளைந்த கைப்பிடி. வெளியே வண்ண எழுத்துகள். கி.பி. 5ஆம் நூற்றாண்டுக் கலம். அந்த எழுத்துகளில் கக்காவ் என்ற சொல்லை ஸ்டூவர்ட் வாசித்தார். கலத்துக்குள் ஒட்டியிருந்த கசட்டைச் சுரண்டி, ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜெஃப்ரி ஹர்ஸ்டிடம் அனுப்பினார்கள். கரைசலில் கலந்த மூலக்கூறுகளைப் பிரித்து எடைபோடும் கருவியில் அவர் கண்டது தியோபுரோமினும் காஃபீனும். இரண்டும் சேர்ந்து கொக்கோவில் இருப்பவை. 1990இல் முடிவு வெளியானது. எழுத்தும் வேதியியலும் ஒரே சாட்சியம் சொன்னன.

இது நடக்கக் காரணம் கலத்தின் குறைதான். மெருகேற்றாத, குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்ணில் நுண்துளைகள் மிகுதி. புதுச்சட்டியைக் கஞ்சி ஊற்றிப் பழக்கினால்தான் கறி வைக்கலாம் என்பதும், மீன் சமைத்த சட்டியில் மீன்மணம் போகாது என்பதும் நம் அடுப்படிப் பாடம். அந்தத் துளைகளுக்குள் போன கொழுப்பும் கசப்பும் 1,500 ஆண்டு கழித்தும் வேதியியலாளருக்காகக் காத்திருந்தன. எச்சரிக்கையும் வேண்டும்: காஃபீன் தேநீர், காப்பி குடிக்கும் ஆய்வுக்கூடத்தின் தூசியிலிருந்துகூட ஓட்டில் ஏறிக்கொள்ளும். தேயிலையிலும் தியோபுரோமின் சிறிது உண்டு. மலைநாட்டில் இந்தச் சோதனையைச் செய்பவர் கைகழுவிவிட்டுத் தொடங்குவது நல்லது.

மாத்தளைக்காரருக்குக் கொக்கோ அந்நியமல்ல. இலங்கையில் அது அதிகம் விளையும் மாவட்டங்களில் கண்டியும் மாத்தளையும் முன்னிற்பவை. அலுவிகாரைக்குப் போகும் வழியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களில் மிளகு, கறுவா, கராம்புக்கு நடுவே கொக்கோவும் நிற்கும். பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். ஆனால் பால், சீனி கலந்து நாம் அறியும் கொக்கோ வேறு, மாயாக்கள் குடித்தது வேறு. புளிக்கவைத்து வறுத்தரைத்த கொட்டையை நீரில் கரைத்து, நுரை எழுப்பிக் குடித்தார்கள். நுரைதான் சிறப்பு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள 8ஆம் நூற்றாண்டளவுக் குவளையில் ஒரு பெண் நின்றபடி, உயரத்திலிருந்து ஒரு கலத்தின் பானத்தைத் தரையிலுள்ள இன்னொரு கலத்துக்கு ஊற்றுகிறாள். நம் தேநீர்க்கடையில் அதற்கு ஒரே சொல்: ஆற்றுதல்.

அப்படியானால் கொக்கோ அரண்மனைக்கு மட்டும் உரியதா? நெடுங்காலம் அப்படித்தான் எழுதினார்கள். வண்ணக் குவளைகள் அரண்மனைக்காரர்களுடையவை. அவற்றில்தான் கக்காவ் என்று எழுதியிருந்தது. 2022இல் பெலீஸ், குவாத்தமாலா எல்லையிலுள்ள எல் பிலார் பகுதியில் சாதாரண வீடுகளில் கிடைத்த 54 ஓடுகளைச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் கொக்கோவின் தடயம். உழவர் வீட்டிலும் குடித்திருக்கிறார்கள். கலத்தில் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். அரண்மனையைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்காக வேறு வகைக் கலங்களும் இருந்தன. வாயோரத்தில் எழுத்து மாதிரியே ஏதோ வரிசையாகத் தீட்டியிருக்கும்; வாசித்தால் ஒன்றும் வராது. எழுத்தறியாத கை எழுத்தின் தோற்றத்தை மட்டும் வரைந்தது அது.

பானம் ஊருக்குப் பொது. பெயரெழுத்து மாளிகைக்குள்.

கீரன், ஆதன், பானை உறி

இப்போது நம் பக்க ஓடுகளுக்கு வருவோம். வண்ண ஓவியம் ஏதுமில்லை. மாயாக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தால் கூச்சப்படும்.

பெரும்பாலும் கறுப்புச் சிவப்புப் பானைகள். குப்புறக் கவிழ்த்துச் சுட்டதால், காற்றுப் புகாத உட்புறமும் வாயும் கரியேறிக் கறுத்தன. காற்றுப் பட்ட வெளிப்புறம் இரும்பு ஆக்சைடால் சிவந்தது. இந்த வகைப் பானைகளின் தோளில் பிராமி என்ற பண்டைய எழுத்துகள். அநுராதபுரக் கோட்டைப் பகுதியில் சிரான் தெரணியகலையும், பிறகு ரொபின் கொனிங்ஹாமின் குழுவும் நடத்திய அகழாய்வுகளில் எழுத்துள்ள ஓடுகள் கிடைத்த மண்ணடுக்குகளுக்குக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு கி.மு. 4ஆம் நூற்றாண்டளவைக் காட்டியது. அலுவிகாரையில் ஓலை எழுதப்படுவதற்கு மூன்று நூற்றாண்டு முன்பே இந்தத் தீவில் யாரோ பானையில் எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் நூற்றுக்கணக்கான எழுத்தோடுகளைத் தந்தன. அது அரசர் ஊர் அல்ல. கல்மணி கடைந்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்த ஊர். கீழடியில் 2018 பருவத்தில் மட்டும் 56 ஓடுகள். ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள். பழனி அருகே பொருந்தலில் கா. ராஜன் குழு தோண்டிய கல்லறையில் நான்குகால் சாடியில் 2 கிலோ அளவு நெல்லும், வய்ர என்று கீறிய ஒரு தாங்கியும் இருந்தன. நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. இந்த ஆண்டுக்கணக்குகள் பற்றி அறிஞரிடையே விவாதம் தொடர்கிறது. ஓடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்கள் என்பதில் விவாதம் இல்லை.

அவை கடலும் கடந்தன. ஓமானின் கோர் ரோரித் துறைமுகத்தில், மூடியாகப் பயன்பட்ட ஓர் ஓட்டில் ணந்தை கீரன் என்ற பெயர். எகிப்தின் செங்கடற்கரைக் குசைர் அல்-காதிமில் கிடைத்த சாடித் துண்டில் பானை ஒறி என்று இருமுறை கீறியிருக்கிறது. ஒறி என்றால் நம் உறிதான். உறியில் தொங்கவிடும் பானை. ரோமானியக் கப்பல்கள் மிளகேற்றி வந்த துறையில், தமிழ் தெரிந்த ஒருவர் தன் பானை இன்னது என்று குறித்துவைத்திருக்கிறார். மாயா எழுத்தில் மந்திரத்தைத் தேடியவர்களுக்குக் குடிகலம் கிடைத்தது போல, செங்கடலில் நமக்குக் கிடைத்தது அடுப்படிச் சொல்.

இப்போது அந்தக் கேள்வி: சூளைக்கு முன்னா, பின்னா? பெரும்பாலானவை பின். ஓரம் பொரிந்த, திக்கிய கோடுகள். கைக்குக் கை வேறுபடும் எழுத்து. ஒருவர் அழுத்திக் கீறுகிறார், ஒருவர் தயங்கிக் கீறுகிறார், ஒருவருக்கு வரி மேலேறிப் போகிறது. ஒரே பட்டறைக் குயவர் எழுதியிருந்தால் எழுத்து ஒன்றுபோல இருந்திருக்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது பாத்திரக் கடைக்காரர், வாங்கியவர் அல்ல. அன்றும் கூலிக்குக் கீறித் தர ஆள் இருந்திருக்க முடியாதா? இருந்திருக்கலாம். ஆனால் கூலிக்கு எழுதுகிறவர் நூறு பானைக்கு எழுதுவார்; கை பழகி எழுத்து ஒரு சீருக்கு வந்துவிடும். ஊருக்கு ஒருவர் என்றாலும் ஓர் ஊரின் ஓடுகள் ஒரே கையைக் காட்டவேண்டும். கொடுமணலும் கீழடியும் காட்டுவது பல கைகளை. அதே குழிகளில் எழுத்தே இல்லாமல் மீனும் ஏணியும் போன்ற வெறும் கீறல் குறிகள் கொண்ட ஓடுகளும் ஏராளம். எழுத்தறிந்தவர் பெயரைக் கீறினார், அறியாதவர் தமக்குரிய குறியைக் கீறினார் என்று கொள்ள இடமுண்டு. வாசிக்க முடியாத போலி எழுத்தைத் தீட்டிக்கொள்ளும் தேவை அவர்களுக்கு வரவில்லை.

அழகில் மாயாக் குவளையை நம் ஓடு எட்டாது. மாயாக் குவளை சொல்லும் பெயர் ஒரு மன்னருடையது. அதை எழுதியவர் ஓர் இளவரசர். நம் ஓடு சொல்லும் கீரனும் ஆதனும் யார் என்று வரலாற்றில் ஒரு வரியும் இல்லை. மணி கடைந்தவராக, கப்பலில் போனவராக, உறியில் தயிர்ப்பானை தொங்கவிட்ட வீட்டுக்காரராக இருக்கலாம். அவர் கையில் ஓர் ஆணி இருந்தது. அவருக்கு எழுதத் தெரிந்தது.

மறுபடி அலுவிகாரை

பானையில் கீறிய பிராமி பெரும்பாலும் கோணமும் நேர்க்கோடும். அதன் வழிவந்த, இன்று நாம் எழுதும் தமிழிலும் பக்கத்து ஊரார் எழுதும் சிங்களத்திலும் சுழியும் வளைவும் மிகுதி. நடுவில் வந்தது ஓலை. நரம்போட்டத்தில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை பிளந்துபோகும். அதனால் எழுத்தாணி சுற்றி வளைந்து போகப் பழகியது என்பது பரவலான விளக்கம். அதாவது, அழிந்துபோன அந்த ஓலைகள் நம் எழுத்தின் வடிவத்தில் இன்னும் இருக்கின்றன.

அலுவிகாரையில் பெயர் எழுதிய ஓலையைக் கையில் கொடுக்கும்போது பெரும்பாலோர் நன்றி சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். எழுதியவர் கை பழகிய கை. எழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். முடிந்தால் ஒரு வெற்று ஓலைத் துண்டும் எழுத்தாணியும் கேட்டு, உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை கீறிப் பாருங்கள். முதல் எழுத்திலேயே ஓலை பிளக்கும். இரண்டாவது கோடு வழுக்கும். பெயர் மேலும் கீழுமாக, பாதி மை பிடித்தும் பாதி பிடிக்காமலும் வரும். கோர் ரோரி ஓட்டில் கீரனின் பெயரும் அச்சடித்தாற்போல இல்லை.